பையனை டி.டி.யில் விடலாமுங்களா? கொங்குப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சிறு கூடத்தில் பதினெட்டு வருடமாகக் குழந்தைகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் மாநிலப் போட்டிகள் வரை ஆடியவன். மேசைப்பந்து என்பது சான்றிதழில் வரும் பெயர். நம் ஊரில் டி.டி. என்றால்தான் தெரியும். பிள்ளை ஆடி முடிக்கும் வரை வாசலில் காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவர்களிடம் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுங்களா?

முடியும். ஆனால் பரிசுப் பணத்தை நம்பி இறங்க வேண்டாம். கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டத்தின் வரவு செலவு வேறு மாதிரி தெரியும். இந்தியாவில் டி.டி.யைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது மாதச் சம்பளம். இந்திய அணிக்கு ஆடிய சரத் கமல் இந்தியன் ஆயிலில் வேலையில் இருந்துகொண்டே ஆடினார். சத்தியன் ஓ.என்.ஜி.சி.யில் சேர்ந்தார். ஸ்ரீஜா அகுலா ரிசர்வ் வங்கியில் இருக்கிறார். பெட்ரோலிய நிறுவனங்கள், ரயில்வே, ரிசர்வ் வங்கி போன்றவை நல்ல ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து, பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்புக் கொடுத்து அனுப்புகின்றன. தேசியப் போட்டிகளில் இந்த நிறுவனங்களின் அணிகளே மோதிக்கொள்ளும். இந்த ஆட்டத்தின் முதுகெலும்பே அதுதான்.

அதற்கு மேல்தான் மற்ற வருமானம். 2017-இல் தொடங்கிய அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக்கில் இடம் கிடைத்தால் ஒரு தொகை வரும். இன்னும் மேலே போனால் வெளிநாட்டுக் கிளப்புகள் கூப்பிடும். சரத் கமல் ஜெர்மனியின் டி.டி. லீக்கான புண்டஸ்லீகாவில் ஆடினார். சத்தியன் ஜெர்மனி, போலந்து, ஜப்பான் என்று மூன்று நாட்டு லீக்குகளில் ஆடியிருக்கிறார். உலகச் சுற்றில் பெரிய போட்டிகளில் பரிசுப் பணமும் பெரிது. 2022-இல் முதன்முதலாக நடந்த சிங்கப்பூர் ஸ்மாஷில் மொத்தப் பரிசுத் தொகை 20 லட்சம் டாலர். ஆனால் அந்த மேடையில் ஏறுகிறவர்கள் மிகச் சிலர். கீழ்மட்டச் சர்வதேசப் போட்டிகளில் முதல் இரண்டு சுற்றில் தோற்றுத் திரும்பும் ஒருவருக்கு விமானக் கட்டணம்கூடத் தேறாது. ஆகவே பெற்றோரிடம் நான் வைக்கும் கணக்கு இதுதான்: பதினெட்டு, இருபது வயதில் தேசியத் தரவரிசையில் தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டால் வேலைக்கு வழி பிறக்கும். அந்த வேலை கிடைத்த பிறகு ஆடுகிற ஆட்டம் பயமில்லாத ஆட்டம்.

எந்த வயதில் ஆரம்பிக்கணும்?

ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் என்றால் நல்லது. மேசையின் உயரம் 76 சென்டிமீட்டர். குழந்தையின் முழங்கை அதற்கு மேலே வந்தால் போதும், ஆரம்பிக்கலாம். பத்து வயதில் வந்து நன்றாக வந்தவர்களும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சிரியாவின் ஹெண்ட் சாசா 12 வயதில் ஆடினார். அதைப் பார்த்துவிட்டு நாலு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அந்த வயதில் ஓடி விளையாடட்டும்.

கார் ஷெட்டில் ஒரு மேசை வாங்கிப் போட்டுவிட்டால் ஆகாதுங்களா?

ஆசைக்கு ஆகும், ஆட்டத்துக்கு ஆகாது. மேசை ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம். சரியான டாப்ஸ்பின் (மேல்சுழல்) அடிக்கப் பின்னால் போக இரண்டு பக்கமும் குறைந்தது எட்டடி வேண்டும். இடம் இருந்தாலும் காற்று இருக்கிறதே! பந்தின் எடை 2.7 கிராம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை மரமே சாய்ந்து ஆடும். திறந்த ஷெட்டில் அந்தப் பந்து எங்கே நிற்கும்? நாலு பக்கமும் மூடிய கூடம் வேண்டும், மின்விசிறி மேசைக்கு நேர்மேலே இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஈரப்பதம் ஏறினால் மட்டையில் ஒட்டிய ரப்பரில் பந்து வழுக்கும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் துடைத்துக்கொண்டே ஆட வேண்டியிருக்கும்.

மேசை இருந்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. அடுத்த கேள்வியில் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

கோயமுத்தூரிலேயே இருந்து மேலே வர முடியுங்களா, இல்லை சென்னைக்குப் போய்த்தான் ஆகணுமா?

இத்தனை வருடத்தில் நான் அதிகம் யோசித்த கேள்வி இது. நேருக்கு நேராகச் சொல்கிறேன். நம் ஊரில் மேசைக்குக் குறையில்லை. கல்லூரிகளில் கிடக்கிறது, கிளப்புகளில் கிடக்கிறது, பழைய மில் மனமகிழ் மன்றங்களில்கூடத் தூசி படிந்து கிடக்கிறது. கோச்சும் உண்டு. குறை எங்கே என்றால், எதிரில் நிற்க ஆள் இல்லை.

இந்த ஆட்டத்தில் பந்தை அடிப்பது பாதி. எதிராளி பந்தில் என்ன வைத்து அனுப்பினார் என்று படிப்பது மீதிப் பாதி. மேல்சுழலா, கீழ்ச்சுழலா, பக்கச்சுழலா, இல்லை சுழலே இல்லாமல் ஏமாற்றுகிறாரா என்று கண் பார்த்து, கை கோணம் மாற்றியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு கண்சிமிட்டல். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. பலவிதமான ஆட்டக்காரர்கள் முன்னால் நின்று, பலமுறை ஏமாந்து ஏமாந்துதான் வரும். இடதுகைக்காரர் வேண்டும். தூரத்தில் நின்று வெட்டி வெட்டித் திருப்புகிற டிஃபெண்டர் வேண்டும். லாங் பிம்பிள் ரப்பர் போட்டவர் வேண்டும். அந்த நீளக் காம்பு ரப்பரில் பட்டால் நீங்கள் போட்ட சுழல் தலைகீழாகி உங்களிடமே திரும்பி வரும். இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்ட் பக்கம் அதை வைத்துக்கொண்டுதான் பல பெரிய ஆட்டக்காரர்களைத் திணறடித்தார்.

நம் கூடங்களில் என்ன நடக்கிறது? ஒரு பையன் அதே ஆறு பேரோடு ஆறு வருடம் ஆடுகிறான். அவர்கள் சர்வீஸ் அவனுக்கு மனப்பாடம். ஆட்டம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். பதினைந்து வயதில் நான் சென்னையில் ஒரு மாநிலப் போட்டிக்குப் போனபோது முதல் சுற்றில் எனக்கு வாய்த்தது லாங் பிம்பிள்காரர். அப்படி ஒரு ரப்பரை அதுவரை நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஓங்கி அடிக்க அடிக்கப் பந்து வலையில் போய் விழுந்தது. திரும்பி வரும்போது ரயிலில் ஈரோடு வரும் வரை அப்பாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்து, "அந்த மாதிரி ஆடறவங்க நம்மூர்ல யாரு கண்ணு இருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை.

சென்னையின் பலம் இதில்தான் இருக்கிறது. சரத் கமல் தன் அப்பாவிடமும் அப்பாவின் சகோதரரிடமும் கற்றவர். ஆனால் சுற்றிலும் ஆட ஆட்கள் இருந்த ஊரில் கற்றார். சத்தியனுக்கு எஸ். ராமன் போன்ற முன்னாள் சர்வதேச ஆட்டக்காரரே பயிற்சியாளராக அமைந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சென்னைக்காரர்களே ஒரு கட்டத்தில் ஜெர்மனிக்குப் போனார்கள். அவர்களுக்கும் அங்கே அதே பசிதான், எதிரில் நிற்க இன்னும் பலமான ஆள் வேண்டும் என்று.

சரி, அதற்காகப் பத்து வயதில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டுமா? வேண்டாம். பதின்மூன்று, பதினாலு வயது வரை இங்கேயே அடித்தளம் போடலாம். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், கால் நகர்வு, சர்வீஸ் எல்லாம் இங்கேயே வரும். அதுவரை ஒன்று செய்யலாம்: ஊர் மாற்றி ஆட வைக்கலாம். கோவையிலிருந்து ஈரோடு நூறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், அங்கே இருக்கிற பிள்ளைகளோடு நாள் முழுக்க ஆடவிட்டு, சாயங்காலம் திரும்பலாம். அடுத்த மாதம் சேலம், அதற்கடுத்து திருப்பூர். நான் இதைச் செய்துகொண்டு வருகிறேன். வேறு கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் அந்தக் கோச் இழுத்துக்கொள்வார் என்று பயப்படும் கோச்சுகளை எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது பிள்ளைதான்.

பதினாலு வயதில் பையனோ பெண்ணோ மாநிலத் தரவரிசையில் முதல் எட்டுக்குள் நின்றுகொண்டிருந்தால், அப்போது சென்னையைப் பற்றி யோசியுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

பந்து போடும் ரோபோ மெஷின் வாங்கலாமா?

கால் நகர்வுக்கும் ஒரே அடியை நூறு முறை அடித்துப் பழகவும் உதவும். எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் படிக்க அது கற்றுத் தராது. அந்தப் பணத்தில் ஒரு வருட ரயில் டிக்கெட் எடுக்கலாம்.

ஒன்பதாவது வந்தாச்சு. ஹாஸ்டல் ஸ்கூலில் போடலாம்னு இருக்கிறோம். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் ஆடட்டுமே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். நம் பகுதியில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். மதிப்பெண்ணுக்காகவும் நீட்டுக்காகவும் பிள்ளையை விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்ப்பது இங்கே குடும்ப வழக்கமே ஆகிவிட்டது. கடன் வாங்கியாவது சேர்க்கிறார்கள். பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் நின்றும் சம்பாதித்த காசு அது.

என்னையும் அப்படித்தான் ஒரு பள்ளியில் போட்டார்கள். பையில் துணிக்கு நடுவே மட்டையை வைத்து எடுத்துப்போனேன். முதல் வாரமே விடுதிக் காப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது முடித்துத் திரும்பக் கிடைத்தபோது ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ரப்பரை மாற்றிவிட்டேன். என் கை பழைய வேகத்துக்கு வரவே இல்லை. பதினாலிலிருந்து பதினேழு வரைதான் உடம்பு வளர்ந்து அடியில் வலு ஏறும் வயது; மற்ற ஊர்ப் பிள்ளைகள் அப்போதுதான் தினமும் நாலு மணி நேரம் ஆடுகிறார்கள். அந்த மூன்று வருடத்தை எங்கே போய் வாங்குவது?

படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. சத்தியன் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவர். பத்தாவது, பன்னிரண்டாவது வருடங்களில் தினமும் ஒன்றரை மணி நேரம் ஆடினால்கூட கை மறக்காது. காலை ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்குக் கிளம்பும் பிள்ளைகள் என் கூடத்தில் இருக்கிறார்கள், பரீட்சைக்கு முந்தின நாளும் வருவார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அரசு வேலைகளில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிகள் தங்கள் அணிக்கு நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கின்றன. ஆட்டத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போகும் பிள்ளை இந்தக் கதவுகளையும் சேர்த்தே மூடிவிட்டுப் போகிறது. பக்கத்திலேயே இருக்கிற பகல் பள்ளியில் சேருங்கள். பயிற்சிக்கு நேரம் விடுகிற தலைமையாசிரியர் கிடைத்தால் பள்ளியின் தேர்ச்சிப் பலகையைப் பார்க்காதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

முதல் இரண்டு வருடம் பெரிதாக ஆகாது. கோச் சொல்லும் ஒரு நடுத்தர மட்டை போதும். கடையில் ஒட்டியே விற்கிற மட்டையை மட்டும் நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம். பிளேடு தனி, இரண்டு பக்க ரப்பர் தனி என்று வாங்கி ஒட்டுவதுதான் முறை. மரப்பலகையான பிளேடு பல வருடம் வரும். காசைத் தின்பது ரப்பர். தீவிரமாக ஆடுகிறவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஜப்பான், ஜெர்மனி ரப்பர்கள் ஒரு பக்கத்துக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். பத்து வயதுப் பையனுக்குப் பட்டர்ஃபிளை நிறுவனத்தின் வேகமான டெனர்ஜி ரப்பர் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். வேகமான ரப்பர் அடிக்கக் கற்றுத் தராது, பந்து தானாகப் பறப்பதால் கை சோம்பல் பழகிவிடும்.

உண்மையான செலவு பயணம். மாநிலப் போட்டி பெரும்பாலும் சென்னை, மதுரை என்று தூரத்தில் இருக்கும். தேசியத் தரவரிசைப் போட்டி வடக்கே எந்த ஊரிலும் இருக்கலாம். பிள்ளையும் கூடப் போகும் ஒருவரும் ரயில், தங்கும் இடம், சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை போட்டி என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாப் போட்டிக்கும் போக வேண்டியதில்லை.

தேர்வு எப்படி நடக்கும்? யாரைப் போய்ப் பார்க்கணும்?

யாரையும் பார்க்க வேண்டாம், ஆடி ஜெயிக்க வேண்டும். இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று பள்ளி வழி: குறுவட்டம், மாவட்டம், அப்புறம் மாநிலம், பிறகு தேசியப் பள்ளி விளையாட்டு. இன்னொன்று சங்க வழி: மாவட்ட டி.டி. சங்கத்தில் பதிவு செய்துகொண்டு மாநிலத் தரவரிசைப் போட்டிகளில் ஆடுவது. 11, 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர், அதற்கு மேல் ஆண்கள், பெண்கள் என்று பிரிவுகள். மாநிலத் தரவரிசையை வைத்துத் தமிழ்நாட்டு அணி தேர்வாகும். அங்கிருந்து தேசியம், அதற்கப்புறம் உலகச் சுற்று. 2021 முதல் அந்தச் சுற்றுக்குப் பெயர் டபிள்யூ.டி.டி. (வேர்ல்டு டேபிள் டென்னிஸ்). கீழிருந்து ஃபீடர், கன்டெண்டர், ஸ்டார் கன்டெண்டர், சாம்பியன்ஸ், கிராண்ட் ஸ்மாஷ் என்று படிகள். 19 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி இளையோர் சுற்றும் உண்டு.

பொண்ணுங்க. இவ்வளவு தூரம் அனுப்பணுமான்னு வீட்ல யோசிக்கறாங்க.

இந்திய டி.டி.யின் அண்மைக்காலப் பெரிய சேதிகளில் பல பெண்கள் கொண்டுவந்தவை. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் மணிகா பத்ரா ஒற்றையர் தங்கம், அணித் தங்கம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீர்த்தா முகர்ஜியும் அய்ஹிகா முகர்ஜியும் சீன ஜோடியையே வீழ்த்தி இரட்டையர் வெண்கலம் வாங்கினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் அணி ருமேனியாவை வென்று காலிறுதி வரை போனது. டோக்கியோ பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலியில் ஆடி வெள்ளி வென்ற பவினா படேலும் பெண்தான். நம் சென்னையின் ஷாமினி குமரேசன் தேசியப் பட்டம் வென்றவர்.

பயணப் பயம் நியாயமானது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து போகட்டும், ஒரு அம்மாவோ அத்தையோ கூடப் போகட்டும். என் கூடத்தில் ஒரு பிள்ளையின் அம்மாயி, அறுபத்தெட்டு வயது, எல்லாப் போட்டிக்கும் கட்டுச்சோற்றோடு வருவார். ஸ்கோர் சொல்வது வரை கற்றுக்கொண்டார்.

எங்க அப்பாரு 21 பாயிண்ட்னு சொல்றார். இப்போ 11-ங்கறாங்களே?

அவர் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. 2001 வரை 21 பாயிண்ட், ஐந்து ஐந்து சர்வீஸ். இப்போது 11, இரண்டு இரண்டு சர்வீஸ். பந்தும் 2000-இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2014 முதல் செல்லுலாய்ட் போய் பிளாஸ்டிக் வந்தது. பெரிய பந்து கொஞ்சம் மெதுவாக வரும், சுழலும் குறையும். அதனால் உடம்பில் வலு இருப்பவருக்குச் சாதகம். 11 பாயிண்டில் நாலு பந்து தூங்கினால் செட் போய்விடும். அப்பாருவைக் கூடத்துக்குக் கூட்டி வாருங்கள். பழைய ஆட்டக்காரர்களின் பிளாக், அதாவது பந்தைத் தடுத்தே திருப்புகிற அடி, நம் பிள்ளைகளுக்குப் புதுசு.

அடிபட்டால் என்ன ஆகும்?

தோள், கீழ்முதுகு, முழங்கால், மணிக்கட்டு. இந்த நாலும்தான். ஒரே பக்கம் உடம்பைத் திருப்பித் திருப்பி அடிக்கிற ஆட்டம் இது. வாரத்துக்கு மூன்று நாள் மேசையே இல்லாத உடற்பயிற்சி வேண்டும், வளரும் பிள்ளைக்கு வலி என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் வி. சந்திரசேகரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னைக்காரர், மூன்று முறை தேசியச் சாம்பியன். 1984-இல் முழங்கால் அறுவை சிகிச்சை தவறிப்போய், ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. நீதிமன்றம் போய்ப் போராடி இழப்பீடு பெற்றார். அதோடு நிற்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து பயிற்சியாளரானார், ஒரு தலைமுறையை உருவாக்கினார். 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். என் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே படம் அவருடையது.

எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்?

மற்ற ஆட்டங்களைவிட நீண்ட காலம். சரத் கமல் 2006 மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றார். பதினாறு வருடம் கழித்து 2022 பர்மிங்காமில், நாற்பது வயதில், அதே தங்கத்தை மறுபடியும் வென்றார். பத்து முறை தேசியச் சாம்பியன், ஐந்து ஒலிம்பிக். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த ஸ்டார் கன்டெண்டரில், இளையவரான ஸ்னேஹித் சுரவஜ்ஜுலாவிடம் தோற்று விடைபெற்றார். லக்ஸம்பர்க்கின் நீ ஷியாலியன் பாரிஸில் 61 வயதில் ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றை ஜெயித்தார்.

ஆடி முடிச்ச பிறகு?

வேலையில் இருப்பவர் வேலையைப் பார்ப்பார். சிலர் நடுவர் தேர்வு எழுதுவார்கள். பலர் கோச் ஆவார்கள். நம் பகுதிக்கு இப்போது அவசரமாக வேண்டியவர்கள் இவர்கள்தான். மாநில அளவு ஆடி, இருபத்தைந்து வயதில் டைடல் பார்க்கிலோ திருப்பூரில் சொந்தத் தொழிலிலோ இருப்பவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் முழுநேரக் கோச் ஆக வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் மட்டையை எடுத்துக்கொண்டு வந்து, பிள்ளைகளுக்கு எதிரில் நின்று ஆடினால் போதும். இடதுகைக்காரர் என்றால் கட்டாயம் வாருங்கள். லாங் பிம்பிள் வைத்திருப்பவர் என்றால் வண்டி அனுப்பி அழைத்து வருகிறேன். எங்கள் கூடத்தில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் வரும் மாநிலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவள் இன்னும் அந்த ரப்பரை எதிரில் பார்த்ததில்லை.